சாயத்தின் சாட்சியம்

கொயினா கலந்த நீரின்மீது கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்கள் வீழ்ந்தால் அந்நீர் இளநீலமாக ஒளிரும் விந்தையை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், 1852ஆம் ஆண்டில், உட்புகும் ஒளியைக் காட்டிலும் வெளிவரும் ஒளி அலைநீளம் மிக்கது என்னும் நியதியை வெளியிட்டபோது, அவ்வொளிர்வு ஒரு காலத்தில் ஜீவ அணுவின் சவ்வுக்குள் தூது செல்லும் என்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. சவ்வின் அமைப்பே அன்று அறியப்படாதது. 1925இல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீர்ப்பரப்பில் ஒரே அடுக்காகப் பரப்பி அளந்து, அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருக்கக் கண்டு, சவ்வு ஈரடுக்கால் ஆனது என்று தீர்மானித்தார்கள். கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை என்பதும், அணுவின் பரப்பு குறைவாகவே கணக்கிடப்பட்டது என்பதும் பிற்காலத்தில் தெரிந்தன. ஆயினும் அவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டமையால் முடிவு மெய்யாகவே நின்றது. இத்தகைய பாக்கியம் ஆராய்ச்சியாளர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஒளிரும் சாயத்தை உயிர்ப்பொருளின் ஆராய்ச்சிக்கு உரிய கருவியாக்கிய பெருமை, போனஸ் அயர்ஸ் நகரில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற கிரகோரியோ வெபரைச் சாரும். நீரில் மங்கிக் கிடக்கும் ஒரு சாயம் புரதத்தைப் பற்றியவுடன் பிரகாசிப்பதை 1954இல் அவரும் லாரன்ஸும் எடுத்துக்காட்டினர். சூழல் மாறினால் ஒளியும் மாறும் என்றால், ஒளியைக் கொண்டு சூழலை அறியலாம் அல்லவா? 1974இல் இஸ்ரேல் நாட்டு ஷினிட்ஸ்கியும் பாரன்ஹோல்ஸும் டி.பி.எச். என்னும் கோல் போன்ற சாயத்தைச் சவ்வினுள் செலுத்தி, அது எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதை ஒளியின் முனைவாக்கத்தால் அளந்து, சவ்வின் இளக்கத்தை மதிப்பிடும் வழியைக் காட்டினர்.

ஆயினும் என்னை எப்போதும் கவர்ந்தது இவ்வெற்றிகளைத் தொடர்ந்து எழுந்த சந்தேகமே. சாயம் தான் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். அது எங்கே நிற்கிறது என்பதை யார் சொல்வது? என்.பி.டி. என்னும் சாயத்தைக் கொழுப்பு மூலக்கூறின் வால்நுனியில் பிணைத்துவிட்டால், அது சவ்வின் நடு ஆழத்தில் தங்கும் என்பது இயற்கையான எதிர்பார்ப்பு. நியூயார்க் மாகாணத்து ஸ்டோனி புரூக்கில் அமிதாப சட்டோபாத்தியாயாவும் எர்வின் லண்டனும், ஒளியைத் தணிக்கும் பொருள்களை இருவேறு ஆழங்களில் நிறுத்தி, எது மிகுதியாகத் தணிக்கிறது என்று ஒப்பிட்டு ஆழத்தைக் கணிக்கும் முறையொன்றை 1987இல் வகுத்தனர். அம்முறையால் நோக்கியபோது, நீரை நாடும் இயல்புள்ள அச்சாயம் வாலை வளைத்துக்கொண்டு மேற்பரப்பை ஒட்டி ஏறி நிற்பது புலனாயிற்று! ஆழத்தின் செய்தி என்று கருதப்பட்டது விளிம்பின் செய்தியாக இருந்தது.

சாயம் மேலேறி நிற்கிறது என்னும் இவ்வனுமானத்தை மூலக்கூறு மூலக்கூறாகக் காண உதவியது கணிப்பொறி. ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 1964இல் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தை நியூட்டனின் விதிகளைக் கொண்டு படிப்படியாகக் கணித்தார். 1982இல் ஹாலந்தின் குரோனிங்கன் நகரில் வான் டெர் ப்ளூக்கும் பெரன்ட்சனும் நீரே இல்லாத ஒரு சிறிய ஈரடுக்கை இயக்கிக் காட்டினர். ஆனால் சாயத்தை அதனுள் இட்டுப் பார்க்கும் காலம் உடனே வரவில்லை, காரணம் நேரம். 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்தின் அசைவைக் கணித்தபோது கணிப்பொறி எட்டிய காலம் பத்துப் பிக்கோவிநாடிக்கும் குறைவு, டி.பி.எச். ஒளியை ஏற்று மீண்டும் உமிழும் வரையிலான காலமோ பத்து நானோவிநாடி அளவினது, அதாவது ஆயிரம் மடங்கு. அவ்விடைவெளியைத் தாண்டும் வலிமை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கைகூடிற்று. 2005இல் செக் நாட்டாரும் பின்லாந்து நாட்டாரும் சேர்ந்து செய்த கணிப்பில், டி.பி.எச். தன்னை அடுத்துள்ள கொழுப்புச் சங்கிலிகளை ஒழுங்குபடுத்திவிடுகிறது என்பதும், அப்பாதிப்பு சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடுகிறது என்பதும் விளங்கின. 2007இல் போர்ச்சுகல் தேசத்து லூயிஸ் லோராவும் பிராட்டஸ் ரமால்யோவும் என்.பி.டி.யைக் கணித்தனர்; வால்கள் வளைந்து சாயம் மேலேறி நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய அனுமானம் பிரத்தியட்சத்துக்கு நிகராயிற்று.

வெபர் 1979இல் அறிமுகப்படுத்திய ப்ரோடான் குடும்பத்துச் சாயங்களோ கணிப்புக்கு இன்னும் கடினமானவை. அவற்றுள் ஒன்றான லார்டான், சவ்வினுள் நீர் புகப் புக நீலத்திலிருந்து பச்சையை நோக்கி நிறம் மாறும். ஒளியை ஏற்றதும் அதன் மின்னூட்டம் மூலக்கூறுக்குள்ளேயே இடம்பெயர்வதால், ஒளியை ஏற்காத உறக்கநிலைச் சாயத்துக்கு வகுத்த மின்னூட்ட எண்கள் ஒளியை ஏற்ற விழிப்புநிலைக்குப் பொருந்தா. ஆகவே சாயத்தைக் குவாண்டம் விதிகளாலும் சுற்றியுள்ள கொழுப்பையும் நீரையும் நியூட்டன் விதிகளாலும் ஒருங்கே கணிக்க நேர்கிறது. அக்கலப்பு முறையை வார்ஷலும் லெவிட்டும் 1976இல் ஒரு நொதிக்காகவே கையாண்டனர். இன்று சாயக் கணிப்பாளர்களுக்கு அதுவே துணை.