கருமாதிக்குப் பிறகு: கொங்கில் துக்கம் கேட்டல் குறித்துச் சில குறிப்புகள்

உளவியல் ஆலோசனை என்றதும் நம்மிடையே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. அது நகரத்து மத்தியதர வர்க்கத்தின் ஆடம்பரம், சமூகப் பிரச்சினையைத் தனிமனிதப் பிரச்சினையாகத் திரிக்கும் தந்திரம் என்பது ஒன்று. நமக்கெதற்கு அது, நம்மிடம்தான் ஒப்பாரி இருக்கிறதே என்பது இன்னொன்று. முதலாவது இடதுசாரி நண்பர்களுடையது, இரண்டாவது பண்பாட்டுவாதிகளுடையது. எதிரெதிர் முகாம்களில் நிற்கும் இவர்கள், துக்கப்படுகிறவர் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து இன்னொருவரிடம் பேசத் தேவையில்லை என்ற முடிவில் மட்டும் கைகோத்துக்கொள்கிறார்கள். கொங்குப் பகுதியின் வரலாற்றை வைத்து இந்த முடிவைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1896இல் பம்பாயில் பரவிய பிளேக், பின்வந்த பத்தாண்டுகளில் கோயமுத்தூரையும் பலமுறை தாக்கியது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் சோதனையிடவும் பிரித்துவைக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அரசின் பார்வையில் நோயாளி என்பவர் அப்புறப்படுத்த வேண்டிய ஓர் உடல். மக்கள் செய்தது வேறு. நோயின் பெயரையே அம்மனுக்கு வைத்தார்கள். பிளேக் மாரியம்மன் கோயில்கள் நகரின் பல பகுதிகளில் இன்றும் இருக்கின்றன. பயத்துக்கு ஒரு முகமும், கூடி நிற்க ஓர் இடமும் கிடைத்தன. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அம்மனிடம் ஊரைக் காப்பாற்று என்று கேட்கலாம். செத்துப்போன பிள்ளையைப் பற்றி அவள் திருப்பிக் கேட்கமாட்டாள்.

துக்கத்துக்குக் கொங்கு உருவாக்கிய மிகப்பெரிய வடிவம் அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும் களத்தில் விழ, தங்கை தங்காள் தேடிவந்து எழுப்புகிறாள். அவர்கள் சற்றே எழுந்து பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். படுகளச் சடங்கில் விழுந்து கிடப்பவர்களை எழுப்பும்போது சுற்றி நிற்கும் கூட்டமும் அழுகிறது. இறந்தவரிடம் பேசாமல் விட்டதைப் பேசிமுடிக்க ஒரு வாய்ப்பை இந்தச் சடங்கு தருகிறது. உளச்சிகிச்சை இன்று தன் மொழியில் சொல்வதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஆயினும் கதையின் கண்ணீர் அண்ணன்மார் பக்கமே நிற்கிறது. செத்த வேட்டுவர்களுக்குப் படுகளம் கிடையாது. யாருடைய சாவு துக்கத்துக்குரியது என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

ஒப்பாரியைக் கொண்டாடுகிறவர்கள் மறந்துவிடும் இடமும் இதுதான். சாவுச் செய்தி சொல்ல ஓடியவர்கள், பறையடித்தவர்கள், குழி வெட்டியவர்கள் யார்? ஊரின் துக்கம் தலித்துகளின் உழைப்பால் நடத்தப்பட்டது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தலித் இளைஞர்கள் மறுத்தபோது, 'கூட்டுத் துக்கம்' என்று நாம் சிலாகித்ததன் அடியில் இருந்த கட்டாயம் வெளியே வந்தது. விதவைக்கோ அழுவதற்கு அனுமதி உண்டு, பேசுவதற்கு இல்லை. பங்காளிகள் சூழ உட்கார்ந்திருப்பவள், செத்த புருசன்மேல் தனக்குக் கோபமும் இருக்கிறது என்று எந்த வரியில் சொல்லுவாள்?

துக்கம் கேட்பது என்றுதான் நாம் சொல்கிறோம். 'கேட்டல்' என்ற சொல் மொழியிலேயே இருக்கிறது. ஆனால் நாம் கேட்பது கருமாதி வரைக்கும்தான். அதற்கப்புறம், "போனவிய போயிட்டாங்க அம்மணி, இனி ஆகறதப் பாரு" என்று பேச்சு முடிந்துவிடும். துக்கம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

துக்கம் என்பது இழந்ததிலிருந்து மனம் சிறுகச் சிறுகத் தன்னை விடுவித்துக்கொள்ளும் உழைப்பு என்று ஃப்ராய்ட் எழுதியது 1917இல். ஐந்தே வருடத்தில், 1922இல், கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். தமிழ்நாட்டின் கதை வேறு. சென்னையில் 1794இலிருந்தே பைத்தியக்கார விடுதி இருந்தது. 1912இல் பைத்தியச் சட்டமும் வந்தது. பித்துக்குக் கட்டடமும் சட்டமும் இருந்தன, துக்கத்துக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. 1982இன் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும் நடைமுறையில் பெரும்பாலும் மாத்திரையைத்தான் கொண்டுவந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும் விவாதம் விடுதிகளை மூடுவதைச் சுற்றியே நடந்தது. கேட்பது யார் என்ற கேள்வி எழவில்லை.

இடதுசாரி விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. மில் மூடப்பட்டதால் நொறுங்கிப்போன தொழிலாளியிடம் உன் எண்ணத்தை மாற்றிக்கொள் என்று சொல்லும் ஆலோசகர், மில் முதலாளியின் வேலையைத்தான் செய்கிறார். பாவசங்கீர்த்தனக் கூண்டிலிருந்து உளப்பகுப்பாய்வாளரின் சாய்படுக்கை வரை, பேசவைப்பதே ஓர் அதிகாரம் என்று 1976இல் ஃபூக்கோ எச்சரித்ததும் சரிதான். ஆனால் பேசவிடாமல் வைப்பதும் அதிகாரம்தானே? 1997 நவம்பர் இறுதியில் தொடங்கிய கலவரத்தில் கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். குண்டுவெடிப்பு நாளுக்கு ஆண்டுதோறும் பகிரங்க அஞ்சலி நடக்கிறது. முந்தைய 18 பேருக்கு ஊரின் நாள்காட்டியில் இடமில்லை. பொதுத் துக்கம் அரசியலாக்கப்பட்ட ஊரில், இரு தரப்பிலும் உறவை இழந்தவர் கட்சிக்கும் ஜமாத்துக்கும் சங்கத்துக்கும் கேட்காத தொலைவில் தன் துக்கத்தைப் பேச எங்கே போவார்?

சாத்தப்பட்ட கதவை நான் இங்கே அரசியலாகப் பார்க்கிறேன். சொந்தபந்தமே சாதியாகவும் காவலாகவும் இருக்கிற கொங்கில், சொந்தம் கேட்காத ஓர் அறை என்பது பெண்ணுக்கும் தலித்துக்கும் ஆடம்பரம் அல்ல. சாதி மீறிக் காதலித்தவனைப் பறிகொடுத்தவளை அவள் வீட்டில் அழக்கூட விடமாட்டார்கள். துக்கம் கேட்க எந்தச் சனமும் வராது. புற்றுநோய் என்று தெரிந்தபின் குடும்பத்துக்காகச் சிரித்துக்கொண்டிருப்பவருக்கும் அந்த அறை வேண்டும்.

பிரச்சினை அறை அல்ல, அதன் வாடகை. இப்போது அது பெரும்பாலும் காசுள்ளவர்க்கே திறக்கிறது, அதுவும் பாதி ஆங்கிலத்தில். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநலப் பராமரிப்பு பெறுவதை உரிமை என்கிறது. அந்த உரிமையை மாத்திரைச் சீட்டோடு முடித்துக்கொள்ளாமல், தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு தனியறை, அவசரப்படாத ஒரு மணி நேரம், "ஏனுங்க, என்னாச்சு?" என்று கேட்கத் தெரிந்த ஓர் ஆள் என்று விரித்துக் கேட்பது நம் இயக்கங்களின் வேலை. கூலிக்கும் நிலத்துக்கும் கேட்பதுபோல இதையும் கேட்க வேண்டும்.