பகிர்வு வரைகலை நினைவகத்தின் வரலாறு

பகிர்வு வரைகலை நினைவகம் என்பது, கணினியின் முதன்மை நினைவகத்தில் (ரேம்) ஒரு பகுதியை வரைகலைச் செயலி தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் முறை ஆகும். தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினிகள் எல்லாம் இம்முறையில்தான் இயங்குகின்றன. 8 ஜிகாபைட் ரேம் கொண்ட மடிக்கணினியில், அதைவிடச் சற்றுக் குறைந்த அளவையே பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் காட்டுவதுண்டு. திரைக்கென ஒரு பகுதி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒரே நினைவகத்தை இரண்டு செயலிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, எல்லையை எங்கே வைப்பது, அதை யார் வைப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. கணினியை வடிவமைத்தவர், பயாஸ், இயக்கி மென்பொருள் (டிரைவர்), இயங்குதளம் என ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் இந்த எல்லையை வகுத்தனர். 2025 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் கோர் அல்ட்ரா செயலிகளுக்கான தன் வரைகலை இயக்கியைப் புதுப்பித்து, எல்லையைப் பயனரே நகர்த்த வழிசெய்தது. இத்தகைய புதுப்பிப்பால் ஒரு மடிக்கணினியின் வரைகலைத் திறன் உண்மையிலேயே கூடுமா என்பதை இம்முறையின் வரலாறு தெளிவாக்குகிறது.

தனி நினைவகம் ஏன் தேவைப்பட்டது

திரையில் தெரியும் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நினைவகத்தில் ஓர் எண்ணாக இருக்கிறது. 1990களின் இறுதியில் பரவலாக இருந்த 1024 × 768 புள்ளித் திரைக்கு, புள்ளிக்கு 2 பைட் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1.5 மெகாபைட் இடம் போதும். ஆனால் அந்தப் படத்தை வினாடிக்கு 75 முறை நினைவகத்திலிருந்து படித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மட்டும் வினாடிக்குச் சுமார் 118 மெகாபைட் தரவு பாய வேண்டும். அன்றைய 100 மெகாஹெர்ட்ஸ் ரேமின் உச்ச வேகம் வினாடிக்கு 800 மெகாபைட். ஆக, எதுவும் அசையாத திரையைக் காட்டுவதற்கே நினைவக வேகத்தில் ஏழில் ஒரு பங்கு செலவாகிவிடும். முப்பரிமாண விளையாட்டு என்றால், பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் டெக்ஸ்சர் படங்களையும் ஓயாமல் படிக்க வேண்டும்.

இந்த நெரிசலைத் தவிர்க்கவே வரைகலை அட்டைகளில் தனி நினைவகம் வைக்கப்பட்டது. அதன் குறை விலை. மலிவான கணினிக்கும், மின்கலத்தில் ஓடும் மெல்லிய மடிக்கணினிக்கும் கூடுதல் நினைவகச் சில்லுகள் பணத்திலும் மின்சாரத்திலும் சுமையாக இருந்தன.

தொடக்க முயற்சிகள்

1996இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓ2 பணிநிலையக் கணினியில் மையச் செயலி, வரைகலை, காணொளி ஆகிய அனைத்துக்கும் ஒரே நினைவகம் இருந்தது. தனி வரைகலை நினைவகத்தில் அடங்காத பெரிய டெக்ஸ்சர் படங்களையும் அது கையாள முடிந்தது. அதே ஆண்டு வந்த நிண்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியும் 4 மெகாபைட் நினைவகத்தை எல்லா வேலைகளுக்கும் பொதுவாக வைத்திருந்தது. இவ்விரண்டிலும் வன்பொருளை வடிவமைத்த நிறுவனமே பகிர்வு முறையையும் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டது.

தனிநபர் கணினி உலகில் பல நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றாக இயங்க வேண்டியிருந்ததால், அங்கே பொதுவான ஒரு பாதை தேவைப்பட்டது. இன்டெல் 1996இல் அறிவித்து 1997இல் கணினிகளில் வரத் தொடங்கிய ஏஜிபி இணைப்பு அந்தப் பாதையை அமைத்தது. அதுவரை இருந்த பிசிஐ இணைப்பின் வேகம் வினாடிக்கு 133 மெகாபைட். ஏஜிபியின் அடிப்படை வேகம் அதைப் போல் இரு மடங்கு. முதன்மை நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் பகுதிகளை ஒரே தொடர்ச்சியான இடமாக வரைகலைச் செயலிக்குக் காட்டும் முகவரி அட்டவணையும் அதில் இருந்தது. இந்த அட்டவணை என்னும் கருத்தே பின்னர் வந்த பகிர்வு முறைகளுக்கு அடித்தளமானது.

1998 பிப்ரவரியில் வந்த இன்டெல் 740 சில்லு இந்தப் பாதையை முழுமையாக நம்பியது. திரைப் படத்தை மட்டும் அட்டையிலுள்ள நினைவகத்தில் வைத்துக்கொண்டு, டெக்ஸ்சர்களை முதன்மை நினைவகத்திலிருந்து படித்தது. அதே காலத்தில் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 அட்டை டெக்ஸ்சர்களைத் தன் சொந்த நினைவகத்திலேயே வைத்திருந்தது. போட்டியில் 740 நிலைக்கவில்லை. இடம் தாராளமாகக் கிடைத்தாலும், அதை எட்டும் பாதை குறுகலாக இருந்தால் பயன் குறைவு என்பதை அது முதலில் காட்டியது.

இயக்கி மென்பொருள் எல்லை வகுத்தல்

தனி அட்டையாகத் தோற்ற அந்த வடிவமைப்பின் வழிவந்த வரைகலைப் பகுதி, 1999 ஏப்ரலில் வெளியான இன்டெல் 810 சில்லுத் தொகுதிக்குள் இடம்பெற்றது. வரைகலை அட்டையே தேவையில்லை என்பதால் கணினியின் விலை குறைந்தது. இதில் எல்லை வகுக்கும் முறையும் மாறியது. கணினி தொடங்கும்போது ஒரு சிறு பகுதி மட்டுமே ஒதுக்கப்படும். பிறகு தேவைப்படும்போது இயக்கி மென்பொருள் இயங்குதளத்திடம் கூடுதல் நினைவகம் கேட்டுப் பெறும். வேலை முடிந்ததும் திருப்பித் தரும். டைனமிக் வீடியோ மெமரி டெக்னாலஜி என்று இன்டெல் இதற்குப் பெயரிட்டது. அதே நிறுவனம் 2003இல் சென்ட்ரினோ மடிக்கணினிகளை அறிமுகப்படுத்தியபோது, தனி வரைகலைச் சில்லு இல்லாத வகையும் அவற்றில் இருந்தது. அதன்பின் மடிக்கணினிகளில் பகிர்வே பெருவழக்கானது.

அட்டைப்பெட்டியின் எண்

பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு வந்ததும் பாதை அகன்றது. அதன் முதல் தலைமுறையின் 16 தடப் பாதையில் ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 4 ஜிகாபைட் செல்லும். 2004 டிசம்பரில் என்விடியா டர்போகேஷ் என்ற முறையை அறிவித்தது. ஏடிஐ நிறுவனம் ஹைப்பர்மெமரி என்ற பெயரில் அதற்கு இணையான முறையைக் கொண்டுவந்தது. அட்டையில் மிகக் குறைந்த நினைவகத்தை வைத்து, மீதியை இயக்கி வழியாக முதன்மை நினைவகத்திலிருந்து பெறுவதே இவற்றின் வழி. மடிக்கணினிகளுக்கான ஜிஃபோர்ஸ் கோ வரிசையிலும் டர்போகேஷ் இடம்பெற்றது.

இங்கேதான் வாங்குபவர் குழம்பும் நிலை தோன்றியது. 16 மெகாபைட் சொந்த நினைவகம் மட்டுமே கொண்ட அட்டை, 128 மெகாபைட் வரை ஆதரிக்கும் என்ற விளம்பரத்துடன் விற்பனைக்கு வந்தது. அந்த எண்ணில் பெரும்பகுதி, வாங்குபவர் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய ரேமிலிருந்து எடுக்கப்படுவது. மேலும், அந்தப் பகுதி அட்டையின் சொந்த நினைவகத்தைப் போல விரைவானதும் அன்று.

விஸ்டாவும் இயக்கியின் வரம்பும்

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா, வரைகலை நினைவகத்தை மேலாளும் பொறுப்பைப் பெருமளவு இயங்குதளத்திடம் கொண்டுவந்தது. இதற்கென டபிள்யூடிடிஎம் என்ற புதிய இயக்கி முறை உருவாக்கப்பட்டது. ஏரோ என்ற கண்ணாடி போன்ற திரைத் தோற்றத்துக்கு அம்முறையில் எழுதப்பட்ட இயக்கி கட்டாயம்.

அக்காலத்தில் மடிக்கணினிகளில் மிகப் பரவலாக இருந்த இன்டெல் 915 சில்லுத் தொகுதிக்கு அத்தகைய இயக்கி வரவே இல்லை. ஆனால் அதைக் கொண்ட கணினிகளும் 2006இல் விஸ்டாவுக்கு ஏற்றவை என்ற ஒட்டுவில்லையுடன் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றில் விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பையே பயன்படுத்த முடிந்தது. ஏரோ தோற்றம் கிடைக்கவில்லை. இதை எதிர்த்து அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2007இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2008இல் அது வாடிக்கையாளர் அனைவர் சார்பிலான குழு வழக்காக ஏற்கப்பட்டு, 2009இல் அந்தத் தகுதியை இழந்தது. ரேம் எவ்வளவு இருந்தாலும், வன்பொருளில் இல்லாத வசதியை இயக்கியால் தர முடியாது என்பது இந்நிகழ்வில் வெளிப்பட்டது.

ஒரே சில்லில் இரு செயலிகள்

2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ், ஏஎம்டியின் ஏபியு வரிசைகள் மையச் செயலியையும் வரைகலைச் செயலியையும் ஒரே சில்லில் இணைத்தன. எனினும் பழைய வேலி முற்றிலும் நீங்கவில்லை. இரண்டும் அதே ரேமைப் பயன்படுத்தினாலும், வரைகலைக்கான பகுதி தனியாகவே இருந்தது. அதனால் ஓரிடத்தில் உள்ள தரவை, அதே ரேமின் மற்றோரிடத்துக்கு நகலெடுக்க வேண்டிய நிலை பலவேளைகளில் இருந்தது. 2013இல் ஏஎம்டி அறிவித்த ஹெச்யூஎம்ஏ முறை இந்த நகலெடுப்பைத் தவிர்க்க முயன்றது. இரு செயலிகளும் ஒரே முகவரியால் ஒரே தரவை எட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4 கருவி, 8 ஜிகாபைட் வேகமான ஜிடிடிஆர்5 நினைவகத்தைப் பொதுவாகக் கொண்டிருந்தது. பகிர்வு என்றாலே மந்தம் என்ற எண்ணத்தை அது மாற்றியது. 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லு, ஒருங்கிணைந்த நினைவகத்தை மடிக்கணினியின் சிறப்பு அம்சமாகவே முன்வைத்தது.

பயனர் கைக்கு வந்த எல்லை

விண்டோஸ் மடிக்கணினிகளில், ஒருங்கிணைந்த வரைகலைச் செயலி பகிர்ந்துகொள்ளக்கூடிய உச்ச அளவு நெடுங்காலம் ரேமில் பாதி என்ற அளவிலேயே இருந்துவந்தது. பெரிய மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்கும் வழக்கம் பரவியபோது இந்த வரம்பு தடையானது. 2024இல் ஏஎம்டி, ரைசன் ஏஐ 300 வரிசையுடன் வேரியபிள் கிராஃபிக்ஸ் மெமரி என்ற வசதியைத் தந்தது. ரேமில் முக்கால் பங்கு வரை வரைகலைக்கெனத் தனியாக ஒதுக்க அது இடம் தருகிறது. 2025இல் வந்த ரைசன் ஏஐ மேக்ஸ் வரிசையில், 128 ஜிகாபைட் ரேம் உள்ள கணினியில் 96 ஜிகாபைட்டை வரைகலைக்கு ஒதுக்கலாம். முன்பு சொன்ன இன்டெலின் 2025 ஆகஸ்டு புதுப்பிப்பு, பகிர்வின் உச்ச வரம்பைத் திரையில் ஒரு பட்டையை இழுத்து மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. மாற்றம் நடைமுறைக்கு வரக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

இடமும் வேகமும்

இந்த வசதிகளால் கிடைப்பது இடம். போதிய இடம் இல்லாமல் தொடங்கவே மறுத்த விளையாட்டோ மொழி மாதிரியோ இனி இயங்கக்கூடும். ஆனால் நினைவகத்தின் வேகம் இதனால் கூடுவதில்லை. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு தண்டு மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிகாபைட், இரு தண்டுகள் இரு தடங்களில் இருந்தால் 51.2 ஜிகாபைட். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலைச் செயலியின் தனி நினைவகத்தில் இது 256 ஜிகாபைட். மேற்கண்ட ரைசன் ஏஐ மேக்ஸும் பகிர்வு முறையிலேயே ஏறத்தாழ 256 ஜிகாபைட்டை எட்டுகிறது. வழக்கமான மடிக்கணினிகளைவிட இரு மடங்கு அகலமான நினைவகப் பாதை அதில் அமைக்கப்பட்டிருப்பதே காரணம். அந்த அகலம் வன்பொருளில் உள்ளது. அதை இயக்கியால் உண்டாக்க முடியாது.

மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை, அளவுருவுக்கு அரை பைட் எனச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிகாபைட். ஒவ்வொரு சொற்கூறை உருவாக்கவும் அதை முழுவதும் ஒருமுறை படிக்க வேண்டும். வினாடிக்கு 51.2 ஜிகாபைட் வேகத்தில் அதிகபட்சம் 12 அல்லது 13 சொற்கூறுகளே கிடைக்கும். வரைகலைக்கு 8 ஜிகாபைட் ஒதுக்கினாலும் 12 ஜிகாபைட் ஒதுக்கினாலும் இந்த எண் உயராது.

எல்லையை ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் சுருங்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. 8 ஜிகாபைட் ரேம் உள்ள மடிக்கணினியில் வரைகலைக்குப் பெரும்பகுதி சென்றுவிட்டால், இயங்குதளமும் உலாவியும் இடமின்றித் தரவை வட்டுக்கு மாற்றத் தொடங்கும். கணினி முன்பைவிட மெதுவாகும். இன்டெல் வரைகலை உள்ள கணினிகளில் விண்டோஸ் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றித் தனி நினைவகத்தைக் கூட்டலாம் என்று இணையத்தில் பரவும் குறிப்பு, காட்டப்படும் எண்ணை மட்டுமே மாற்றுகிறது. எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் சில விளையாட்டுகள் அதனால் தொடங்கலாம். கிடைக்கும் நினைவகம் பழையபடியே இருக்கும்.

ஆகவே, ஒரே ஒரு ரேம் தண்டு பொருத்தப்பட்டு இரண்டாவது இடம் காலியாக உள்ள மடிக்கணினியில், இணையான இன்னொரு தண்டைச் சேர்ப்பதே முதலில் செய்யத்தக்கது. இடம், வேகம் இரண்டும் அதனால் கூடும். ரேம் ஏற்கெனவே தாராளமாக இருந்து, ஒரு மென்பொருள் வரைகலை நினைவகம் போதவில்லை என்று நிற்கும்போதுதான் இயக்கியின் புதிய வசதி முழுப் பயன் தரும்.