குறியும் பிழையும்

துப்பாக்கி சுடுதலை விளையாட்டு என்று சொன்னால் நம் பங்குகளின் முதியோர் பலர் அதை ஐயத்தோடுதான் கேட்கிறார்கள். ஓடுவதும் தாண்டுவதும் பந்தடிப்பதும் விளையாட்டு. உயிரைப் பறிக்கும் கருவியை ஏந்துவது எவ்வாறு விளையாட்டாகும் என்பது அவர்களது வினா. இளையோரோ அபினவ் பிந்த்ராவை நினைவூட்டுகிறார்கள். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அவர் வென்றதே தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். 2024-இல் பாரிசில் நம் நாடு பெற்ற ஆறு பதக்கங்களுள் மூன்று இவ்விளையாட்டில் வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதையும், புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றதையும் அவர்கள் அறிவார்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை இந்தக் கருவியைக் கையில் எடுக்கலாமா? இக்கேள்விக்கு அவசரமாக விடை கூறுவதைவிட, நம் மண்ணின் வரலாற்றையும் நம் திருச்சபையின் வரலாற்றையும் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

உதயகிரியும் காற்றாடிமலையும்

1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்ம மன்னரிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாக்கியூஸ் டிலனாய் என்னும் கத்தோலிக்கர். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை; தம் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கப் பணித்தார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவரது மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் எழுந்தது. ‘வலிய கப்பித்தான்’ என்று மக்களால் அழைக்கப்பட்ட அவர் 1777-இல் இறந்து, அக்கோட்டைக்குள்ளேயே உள்ள சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

அக்காலத்துத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு நேர்க்கோட்டில் செல்லும் என்ற உறுதி இல்லை. ஆகவே ஒரு தனி வீரனின் குறி அன்று பெரிதாகக் கருதப்படவில்லை. வரிசையாக நின்று, கட்டளை கேட்டதும் ஒருசேரச் சுட்டு, விரைவாக மருந்து கெட்டித்து, மீண்டும் சுடுவதே பயிற்சியாக இருந்தது. குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் செதுக்கினால் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் பாயும் என்பதை நடு ஐரோப்பியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். எனினும் 19-ஆம் நூற்றாண்டில்தான் அது படைகளில் பரவலாயிற்று. ‘ரைபிள்’ என்னும் பெயரே அவ்வரிகளால் வந்தது.

டிலனாயிடமிருந்து துப்பாக்கியை மட்டுமல்ல, நற்செய்தியையும் பெற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். நட்டாலத்தில் பிறந்து பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டனே அவர். துன்பங்களால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது நம் மரபு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது செய்யப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வதைக்கப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் திருவிதாங்கூர் வீரர்களின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் துயிலும் அவரை, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்தார்.

யோபு நூலின் 16-ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. கடவுள் தம்மையே இலக்காக நிறுத்திவிட்டதாகவும், வில்லாளர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டதாகவும் யோபு புலம்புகிறார். டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டவர், ஏழே ஆண்டுகளில் அதே நிலையில் தாமே நின்றார். டிலனாய் உருவாக்கிய படையின் அரசே அவரைச் சுட ஆணையிட்டது. நம் மாவட்டத்தில் துப்பாக்கியின் வரலாறும் விசுவாசத்தின் வரலாறும் இவ்வாறு ஒரே நட்பில் பின்னிக் கிடக்கின்றன.

அதன் பின்னும் இம்மக்கள் துப்பாக்கியைப் பெரும்பாலும் அதன் எதிர்முனையில் நின்றே அறிந்தார்கள். தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது, உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது அந்த இழப்புகளுக்குப் பிறகே. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்பகுதியில் புனித அந்தோணியாரின் பெயர் தாங்கிய படகில் இருந்த இரு மீனவர்கள், எண்ணெய்க் கப்பல் ஒன்றில் காவலிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் நம் மாவட்டத்துக் கடலோர ஊரினர். கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதாக வீரர்கள் கூறினர். நம் முதியோரின் ஐயம் வெறும் பழமைவாதம் அன்று. அதற்குப் பின்னால் கல்லறைகள் இருக்கின்றன.

மரக்கிளியைச் சுட்ட சபைகள்

இனி இளையோரின் பக்கத்தையும் கேட்போம். குறிபார்த்து எய்வதைப் பொழுதுபோக்காகவும் கலையாகவும் வளர்த்தவர்களுள் ஐரோப்பியக் கத்தோலிக்கச் சகோதர சபைகளுக்குத் தனி இடம் உண்டு. பிளாண்டர்ஸ் நாட்டு நகரங்களில் குறுக்குவில்லாளர் புனித ஜார்ஜியாரையும், வில்லாளர் புனித செபஸ்தியாரையும் பாதுகாவலராகக் கொண்டு சபைகள் அமைத்தனர். பின்னர் துப்பாக்கியாளரும் அவ்வாறே செய்தனர். டிலனாய் பிறந்த அராஸ் நகரும் அந்நிலப்பரப்பை அடுத்ததே. இச்சபைகளுக்கு ஆலயத்தில் பீடம் இருந்தது; திருவிழாவில் பவனி இருந்தது; உறுப்பினருக்கு அடக்கச் சடங்கும் செபமும் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை உயர்ந்த கம்பத்தின் உச்சியில் மரத்தால் செய்த கிளி ஒன்றை வைத்துச் சுடுவர். அதை வீழ்த்துபவர் அவ்வாண்டின் ‘அரசர்’. புரூஜ் நகரத்துப் புனித செபஸ்தியார் சபை இன்றும் நிலவுகிறது.

ஆன்ட்வெர்ப் பேராலயத்தில் ரூபன்ஸ் தீட்டிய, சிலுவையினின்று ஆண்டவரின் உடலை இறக்கும் புகழ்மிகு ஓவியத்தை 1611-இல் செய்யச் சொன்னவர்கள் யார்? அந்நகரத்துத் துப்பாக்கியாளர் சபையினரே. குறிபார்த்துச் சுடுவோர் தங்கள் பீடத்திற்கென்று கேட்டது வெற்றி வீரனின் உருவம் அன்று. குத்தித் துளைக்கப்பட்ட ஓர் உடலின் உருவம்.

இதைவிட வியப்பானது செபஸ்தியாரின் கதை. அவர் வில்லாளர் அல்லர். வில்லாளரின் இலக்காகக் கட்டி வைக்கப்பட்டவர். எய்பவர்கள் தங்களுக்குப் பாதுகாவலராக எய்யப்பட்டவரையே தேர்ந்துகொண்டார்கள். கருவியை எடுக்கும்போதெல்லாம் அதன் எதிர்முனையில் யார் நின்றார் என்பதை மறவாதிருக்க இதைவிடச் சிறந்த வழி ஏது?

நம் அண்டையிலும் இதற்கு இணையான வழக்கம் உண்டு. குடகு மக்கள் கைல் போள்து விழாவில் கருவிகளை வைத்து வணங்கியபின், உயர்ந்த மரத்தில் கட்டிய தேங்காயைச் சுடுகின்றனர். அங்கே மரக்கிளி, இங்கே தேங்காய்.

உயிர் விலகிய இலக்கு

1896-இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோதே துப்பாக்கி சுடுதல் அதில் இருந்தது. ஆனால் 1900-இல் பாரிசில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். ஏறத்தாழ முந்நூறு பறவைகள் மடிந்தன. அக்கொடுமை ஒலிம்பிக்கில் தொடரவில்லை. களிமண் தட்டுகளே நிலைபெற்றன. அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 1980-களின் இறுதிவரை மனித உருவத்தின் நிழல்வடிவமே இலக்காக இருந்தது. பின்னர் அதுவும் நீக்கப்பட்டு வட்டம் வந்தது. பறவை விலகியது, மனித வடிவமும் விலகியது. எஞ்சியது கரும்புள்ளி மட்டுமே. இவ்விளையாட்டின் வரலாற்றை இலக்கிலிருந்து உயிர் படிப்படியாக விலகிய வரலாறு என்றே நாம் படிக்கலாம்.

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. நெடுங்காலம் அது ஆள்வோர், அரச குடும்பத்தார், வேட்டைக்காரர் ஆகியோரின் பொருளாகவே இருந்தது. 1951-இல் தேசிய ரைபிள் கழகம் தோன்றியது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். 1952-இல் ஹெல்சின்கியில் ஹரிஹர் பானர்ஜி இந்தியாவிற்காகச் சுட்டார். பிகானேர் அரச குடும்பத்துக் கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். தேசிய மாணவர் படையால் சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் பாயில் குப்புறப் படுத்துக் குறிபார்க்கக் கற்றனர். இன்று காற்றுத் துப்பாக்கி இவ்விளையாட்டை மேலும் பலரிடம் கொண்டு சேர்த்திருக்கிறது.

பத்து மீட்டர் ரைபிள் போட்டியின் அளவுகளை நோக்குவோம். இலக்கின் நடுவே பத்துப் புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீட்டர் அகலமே. அதாவது ஒரு பேனா முனை வைத்த புள்ளி. சுடும் ஈயக்குண்டோ நாலரை மில்லிமீட்டர். அறுபது முறை சுட வேண்டும். மூச்சை வெளிவிட்டு அடுத்த மூச்சை இழுக்குமுன் உள்ள சிறு இடைவெளியில் விசை அழுத்தப்படுகிறது. நாடித்துடிப்புகூடக் குழலை அசைத்துவிடும். சினங்கொண்டவன் இங்கே வெல்ல முடியாது. முந்தைய குண்டை எண்ணி வருந்துபவனாலும் முடியாது. தியானம் பழகும் துறவியர் மடத்துக்குரிய ஒழுக்கம் இது என்றால் மிகையாகாது.

பிழை என்னும் சொல்

விவிலியத்தில் பாவத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் அடிப்பொருள் ‘குறி தவறுதல்’ என்பதை இறையியல் வகுப்பில் நாம் கற்றோம். நீதித் தலைவர்கள் நூல் 20-ஆம் அதிகாரத்தில், மயிரிழையைக்கூடத் தவறாமல் கவணெறியும் எழுநூறு இடக்கை வீரர்களைப் பற்றிப் படிக்கிறோம். அங்கே ‘தவறாமல்’ என்பதற்கு வரும் வினைச்சொல்லும் பாவம் செய்தலுக்கு வரும் சொல்லும் ஒன்றே. கிரேக்க மொழியிலும் அவ்வாறே.

நம் தமிழ் இதில் ஒருபடி மேலே செல்கிறது. ‘பிழைத்தல்’ என்றால் தவறு செய்தல். குறி தப்புதலும் அதுவே. யானைமீது எறிந்து குறி தப்பிய வேலைப் பற்றிப் படைச்செருக்கு அதிகாரத்தில் பேசும் வள்ளுவரும் இச்சொல்லையே ஆள்கிறார். ஆனால் ‘பிழைத்தல்’ என்றால் உயிர் தப்பி வாழ்தலும் ஆகும். அம்பு பிழைத்தால் மான் பிழைக்கிறது. எய்பவன் பக்கம் நின்றால் இழப்பு. எய்யப்படுபவன் பக்கம் நின்றால் வாழ்வு. ஒரே சொல் இருபுறமும் நின்று பேசுகிறது.

இவ்வொளியில் காற்றாடிமலையைப் பார்ப்போம். அன்று வீரர்களின் கை தவறவில்லை. குண்டுகள் குறியைச் சேர்ந்தன. ஆயினும் அந்த அரசு பிழைத்தது. தேவசகாயமோ வீழ்ந்தும் பிழைத்தார். ஆகவே குறி தவறாமை மட்டும் நன்மைக்குச் சான்று ஆகாது. எதைக் குறியாக நிறுத்துகிறோம் என்பதே முதற்கேள்வி.

முதியோருக்கு நாம் கூறுவது இது: கரும்புள்ளியை நோக்கி மூச்சடக்கி நிற்கும் பிள்ளை கொலைக்குப் பழகவில்லை; தன்னையே அடக்கப் பழகுகிறான். நம் சகோதர சபைகளின் மரபு இதற்குச் சான்று. இளையோருக்கும் ஒன்று கூறுவோம். சுடுதளத்தில் கற்பிக்கப்படும் முதல் பாடம் குறிபார்ப்பது அன்று. குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழலின் வாயை எந்த மனிதரை நோக்கியும் திருப்பாதே என்பதே. அவ்விதியை விளையாட்டின் விதியாக மட்டும் கொள்ளாதீர்கள். வெறுப்பை மூட்டும் பேச்சுக்கும், மனிதரைச் சாதியாகவும் மதமாகவும் அடையாளமிட்டு இலக்காக்கும் அரசியலுக்கும் அதுவே விதியாகட்டும். பயிற்சிக்குச் செல்லுமுன் ஒருமுறை காற்றாடிமலைக்குச் சென்று வாருங்கள். எதிர்முனையில் நின்றவரின் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தபின் அக்கருவியை ஏந்துங்கள்.