பட்டியலில் இல்லாத பெயர்

வேளாண் மானியத்தில் வெளிப்படைத்தன்மை என்பது, பணம் யாருக்குப் போனது என்று சொல்வதாகவே நம் நாட்டில் வளர்ந்திருக்கிறது. யார் ஒப்புதலில் போனது என்ற கேள்வி விடுபட்டே வந்தது. தமிழ்நாட்டின் பழைய மானியங்களில் முதல் கேள்விக்கே இடமில்லை. 1990-இல் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானபோது பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. அரை ஏக்கர்காரருக்கு எவ்வளவு, ஐம்பது ஏக்கர்காரருக்கு எவ்வளவு என்பதற்கு மதிப்பீடு உண்டே தவிர, கணக்கு கிடையாது.

மாற்றம் வடக்கிலிருந்து வந்தது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, கூலி வேலையின் மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்தது. அந்த இயக்கத்தின் நீட்சியான 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றது. 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் (ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணை) அதன்படி ஊர்வாரியாகப் பட்டியல் போட்டது: வரிசை எண், பெயர், பாலினம். புல எண் இல்லை. விண்ணப்பத்தை ஏற்ற அலுவலர் யாரென்றும் இல்லை.

இந்த இடைவெளியின் விலை 2020-இல் தெரிந்தது. வேளாண் அலுவலர்களுக்குரிய கடவுச்சொற்கள் இடைத்தரகர் கைக்குப் போய், தகுதியற்ற 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டதாகவும் ரூ.110 கோடி போனதாகவும் தமிழ்நாட்டின் அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் தெரிவித்தார். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு ரூ.2,000, அதாவது ஒரே ஒரு தவணை. பட்டியல்தான் இணையத்தில் இருந்ததே, ஊரார் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். கோட் கிரானாவில் பட்டியல் வாசிக்கப்பட்டது; இங்கே அது தேடுவோருக்காகக் காத்திருந்தது. தேடியிருந்தாலும், ஊரில் நான்கு முருகன்கள் இருக்கையில் புல எண் இல்லாத பட்டியல் எந்த முருகனையும் காட்டாது.

இதைவிட வலுவான மறுப்பு அந்தரங்கம் பற்றியது. ஜெர்மன் விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வேளாண் மானியம் பெறும் தனிநபர் பெயர்களை அளவு பாராமல் வெளியிடச் சொன்ன விதிகளைச் செல்லாதவை ஆக்கியது. 2013-இல் வெளியீடு மீண்டும் சட்டமானபோது, 1,250 யூரோ வரை பெறுவோர் பெயர் மறைக்கப்பட்டது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் ரூ.6,000 பெறும் ஒருவர் பெயர்கூட வெளிவராது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஏழை விவசாயியின் பெயரை ஊரறிய ஒட்டுவது அவருக்குப் பெருமை ஒன்றும் அல்ல. ஆனால் அந்தரங்க வாதம் காப்பது பெறுபவரை மட்டுமே. அரசுப் பணத்துக்கு ஒப்புதல் தரும் அலுவலரின் கையொப்பம் அவருடைய சொந்த விஷயம் ஆகாது. எனவே பெறுபவரின் பெயரை மறைத்தாலும், புல எண்ணோடு ஒப்புதல் தந்தவரின் பதவியும் தேதியும் வெளியாவதே 2020-ஐப் போன்ற மோசடியைத் தொடும். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைச் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்பதையே மறுக்கப் போதிய காரணமாக்கிவிட்டது. விவசாயிக்காக விரித்த இந்தக் குடைக்குள் அலுவலரும் வந்து நிற்க இடமிருக்கிறது.