மின்னஞ்சல் வடிகட்டல்

மின்னஞ்சல் வடிகட்டல் என்பது வந்து சேரும் மின்னஞ்சல்களை முன்கூட்டியே எழுதப்பட்ட விதிகளின்படியோ புள்ளியியல் முறையிலோ ஆராய்ந்து, உரிய கோப்புறையில் சேர்த்தல், குறியிடுதல், வேறு முகவரிக்கு அனுப்புதல், நீக்குதல் முதலியவற்றைத் தானியக்கமாகச் செய்யும் நுட்பம் ஆகும். நாள்தோறும் நூற்றுக்கணக்கில் மடல் பெறுபவருக்கு இது இல்லையெனில் முக்கியமான மடல் கண்ணில் படாமலேயே போய்விடும். தவறாக எழுதப்பட்ட விதியோ அதே மடலைச் சுவடின்றி அழித்துவிடக்கூடும்.

விதிகள்

ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புநர், பெறுநர், பொருள் முதலிய விவரங்களைக் கொண்ட தலைப்பகுதி உண்டு. பெரும்பாலான விதிகள் இதனையே சோதிக்கின்றன. பொருள் வரியை நம்புவதைவிட, மடற்குழுக்கள் தம் மடல்களில் இடும் குழு அடையாளத்தை நம்புவதே நன்று. பொருள் வரியை எவரும் மாற்றலாம். குழு அடையாளம் பொதுவாக மாறுவதில்லை. விதிகள் பொதுவாக மேலிருந்து கீழாகச் செயற்படுவதால் குறுகிய விதிகளை முதலிலும் பரந்த விதிகளைப் பின்னரும் எழுத வேண்டும்.

1990 இல் ஸ்டீபன் வான் டென் பெர்க் உருவாக்கிய புரோக்மெயில், யுனிக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்டது. அக்காலத்தில் ஒரு கோப்புறையின் மடல்கள் அனைத்தும் எம்பாக்ஸ் எனப்படும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதப்பட்டன. ஒரே நேரத்தில் இரு மடல்கள் வந்தால் இரண்டும் ஒன்றுடன் ஒன்று கலந்து கெடும். இதனைத் தவிர்க்கக் கோப்பைப் பூட்ட வேண்டும். புரோக்மெயிலில் விதியின் முதல் வரி இறுதியில் இடும் ஒரு முக்காற்புள்ளியே அப்பூட்டு. அதனை மறந்தாலும் விதி வேலை செய்வதாகவே தோன்றும் என்பதுதான் சிக்கல். மடலுக்கு ஒரு கோப்பு என வைக்கும் மெயில்டிர் வடிவத்தில் இத்தொல்லை இல்லை.

2001 இல் வரையறுக்கப்பட்டு 2008 இல் திருத்தப்பட்ட சீவ் மொழி (பெயரின் பொருள் சல்லடை) வழங்கியில் இயங்குகின்றது. பயனர் எழுதும் விதி வழங்கியையே முடக்கிவிடாதிருக்க, இதன் அடிப்படை மொழியில் மடக்குகள் வேண்டுமென்றே விலக்கப்பட்டுள்ளன. எந்த விதியும் பொருந்தாத மடல் உள்பெட்டியிலேயே தங்கும். இது மிகவும் அறிவார்ந்த முடிவு எனலாம்.

புள்ளியியல் முறை

குப்பை மடல்களை விதிகளால் மட்டும் தடுக்க இயலாது; அனுப்புவோர் சொற்களை மாற்றிக்கொண்டே இருப்பர். பால் கிரகாம் 2002 ஆகத்தில் வெளியிட்ட கட்டுரை பேயசு முறையைப் பரவலாக்கியது. பயனர் ஏற்கனவே பிரித்து வைத்த நல்ல மடல்களிலும் குப்பை மடல்களிலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகின்றது எனக் கணக்கிட்டு, புதிய மடலில் மிகவும் துலக்கமான 15 சொற்களின் நிகழ்தகவுகளை இணைப்பதே அவரது முறை. முடிவு 0.9 ஐத் தாண்டினால் மடல் குப்பை. நல்ல மடல்களில் வரும் எண்ணிக்கையை அவர் இரட்டிப்பாக்கினார். குப்பை ஒன்று உள்ளே வந்தால் எரிச்சல் மட்டுமே. வேலைக்கான அழைப்புக் கடிதம் ஒன்று குப்பைக்குப் போனால் இழப்பு பெரிது.

தமிழ் மடல்கள்

தமிழில் எழுதிய பொருள் வரி, அனுப்பப்படும்போது ஆசுக்கி எழுத்துகளாகக் குறியேற்றப்படுவது வழக்கம். எனவே மூலத் தலைப்பகுதியை அப்படியே ஒப்பிடும் புரோக்மெயில் விதியில் தமிழ்ச்சொல்லை இட்டால் பொருந்தாது. சீவ் குறிநீக்கிய பின்னரே ஒப்பிட முனைகின்றது. திஸ்கி குறியேற்றத்தில் உள்ள பழைய மடல்களை ஒருங்குறிச் சொல்லால் தேடினாலும் கிடைக்காது; முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

கோப்புறையும் குறிச்சொல்லும்

கோப்புறை முறையில் ஒரு மடல் ஓரிடத்திலேயே இருக்கும். 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமான ஜிமெயில், ஒரே மடலுக்குப் பல குறிச்சொற்களை இட வழி செய்தது. அதனுடன் வந்த 1 கிகாபைட்டு இடமும் தேடல் வசதியும், அழிப்பதைவிடச் சேமித்து வைத்துத் தேடலாம் என்ற பழக்கத்தை வளர்த்தன. புதிய விதி ஒன்றை எழுதுபவரும் நீக்கும் கட்டளையை உடனே இடாமல், சில வாரங்கள் தனிக் கோப்புறைக்கு அனுப்பிப் பார்ப்பது பாதுகாப்பானது.