அன்னபூர்ணாவில் ஒரு நைலான் கூடாரம்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில், மொரீஸ் எர்ஸோக் எழுதிய அன்னபூர்ணா நூலை வாசித்தேன். கூடாரங்கள்தான் இன்னும் நினைவில் நிற்கின்றன.

1950இல் அவருடைய குழு நைலான் கூடாரம் கொண்டுபோனது. பருத்தித் துணி நனைந்தால் நீரைக் குடித்துக் கனக்கும், நைலான் அப்படியல்ல. ஆனால் ஜூன் 2 இரவு, ஐந்தாம் முகாமில், சரிவில் குவிந்த பனி அந்த மெல்லிய துணியை உள்ளே படுத்திருந்தவர்கள் மேல் அழுத்தியது. தூக்கமில்லை. மறுநாள் எர்ஸோகும் லாஷ்னாலும் 8091 மீட்டர் உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது எர்ஸோக் கையுறைகளைத் தவறவிட்டார். ஜூன் 4 அன்று, உதவிக்கு வந்த தெரே, ரெபூஃபாவுடன் கீழே இறங்கியவர்கள், பனிப்புயலில் நான்காம் முகாமைக் காணவில்லை. நால்வரும் பனிப்பிளவுக்குள் இரவைக் கழித்தார்கள். உச்சி தொட்ட இருவரும் கால்விரல்களை இழந்தார்கள், எர்ஸோக் கைவிரல்களையும்.

பனி அழுத்திய கூடாரமானாலும் கூடாரம்தானே, ஐயா! அதன் அருமை அந்தப் பிளவுக்குள் தெரிந்திருக்கும்.