ஹன்னியா முகமூடி: வடிவும் பொருளும்

யப்பானிய முகமூடி என்றதும் பலரது நினைவிற்கு வருவது ஹன்னியாவே. இரு கொம்புகளும், பொன்னிறக் கண்களும், அகலப் பிளந்த வாயும், கோரைப் பற்களும் கொண்ட இவ்வுருவம் இன்று சுவரலங்காரப் பொருளாக உலகின் பல நகரங்களில் விற்பனையாகின்றது. வாங்குவோர் பெரும்பாலும் அதனைப் பேயின் முகமென்றே கொள்வர். உண்மையில் அது ஒரு பெண்ணின் முகம். அதனைச் செதுக்கிய கலைஞர் சினத்தோடு துயரையும் அதனுள் வைத்தனர். அத்துயர் எவ்வாறு மறைந்தது என்பதை விளங்கிக்கொள்ள, அம்முகமூடி தோன்றிய அரங்கினையும் அதனை ஆதரித்த சமூகத்தினையும் நோக்குதல் வேண்டும்.

யப்பானில் முகமூடி அரங்கு மிகப் பழைமையானது. கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டில் வந்த கிகாக்கு எனும் ஆடல், 752இல் நாரா நகரத்துத் தொதாய்ஜி விகாரையில் புத்தர் சிலைக்குக் கண்திறந்த விழாவில் இடம்பெற்றது. அதன் முகமூடிகள் தலை முழுவதையும் மூடும் பேருருவங்கள். கருடனும் பிராமணனும் அவற்றிடையே காணப்படுகின்றமை, பௌத்தத்தோடு இந்திய உருவங்களும் கிழக்கே சென்றமைக்குச் சான்றாகும். 'நோ' அரங்கின் முகமூடி இதனின்றும் பெரிதும் வேறுபட்டது. கோயில் விழாக்களில் ஆடிவந்த கூத்தர்களான கனாமியும் அவர் மகன் செயாமியும் 1370களில் ஷோகுன் ஆஷிகாகா யொஷிமிற்சுவின் ஆதரவைப் பெற்றனர். வீரர் குழாத்தினதும் பிரபுக்களினதும் அவைக்குச் சென்ற ஆடலில் அடக்கமே உயர்ந்த பண்பாயிற்று. பெண் முகமூடியின் உயரம் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர்தான். நடிகரின் தாடை அதன் கீழே வெளித்தெரியும்.

முகமூடிக்கு உகந்தது ஹினோக்கி எனும் சைப்பிரசு வகை மரம். மென்மையும் நேரான இழையும் கொண்ட அம்மரத்துண்டில், கடதாசியில் வெட்டிய வார்ப்புருக்களை அடிக்கடி வைத்து ஒப்புநோக்கியவாறு உளியாற் செதுக்குவர். பின்புறம் குடையப்படும். பின்னர் சிப்பிச் சுண்ணத்தை வச்சிரத்திற் குழைத்துப் பல தடவை பூசித் தேய்த்து, நிறந்தீட்டி, இறுதியில் மையினால் மயிரிழைகளை வரைவர். இம்மயிரிழைகள் அற்ப விடயமல்ல. இளம்பெண் முகமூடியில் ஒழுங்காக வகிர்ந்து கிடக்கும் கூந்தல் ஹன்னியாவிற் சிதறிக் கிடக்கும். கண்களிற் பொன் முலாமிட்ட உலோகத் தகடு பதிக்கப்படும்; பொன் இவ்வரங்கில் மானிடமல்லாத நிலையின் குறியீடாகும்.

எனினும் செதுக்குவோனின் திறன் முழுமையும் வெளிப்படுவது மேடையிலேதான். நடிகர் முகமூடியைச் சற்றே நிமிர்த்தினால் அது ஒளிபெறும். குனித்தால் நிழல் படியும். முன்னையதைத் 'தெராசு' என்றும் பின்னையதைக் 'குமொராசு' என்றும் வழங்குவர். ஹன்னியா நிமிரும்போது வாயும் பற்களும் மேலோங்கிச் சினம் தெரியும். குனியும்போது நெரிந்த புருவமும் குழிந்த கண்ணும் முன்வர, அழுகின்ற ஒருத்தியைக் காண்கின்றோம். ஒரே மரத்தில் இவ்விரண்டும் அமையுமாறு நெற்றியின் சரிவைக் கணித்தலே இக்கலையின் நுட்பமெனலாம்.

'அஒய் நோ உஎ' எனும் நாடகத்தில் இதன் பொருள் தெளிவாகின்றது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாக்கி ஷிக்கிபு இயற்றிய கெஞ்சியின் கதையிலிருந்து பிறந்தது இந்நாடகம். காதலனாற் கைவிடப்பட்ட ரொகுஜோ சீமாட்டியின் ஆவி, அவள் உயிரோடிருக்கும்போதே உடலைவிட்டு நீங்கி, அவன் மனைவியை வருத்துகின்றது. முற்பகுதியில் அவள் அணிவது வெண்விழியிற் பொன் தீட்டிய பெண் முகமூடி, பிற்பகுதியில் ஹன்னியா. அவள் உயர்குடியினள் ஆதலால் அது வெளிறிய நிறமுடையது. 'தோஜோஜி' நாடகத்தில் நாட்டுப்புறப் பெண் அணிவதோ செந்நிறமானது. ஹன்னியா என்பது 'பிரக்ஞா' எனும் வடசொல்லின் யப்பானிய வடிவம். அப்பெயருடைய துறவி ஒருவர் முதலிற் செதுக்கியதால் இப்பெயர் வந்ததென்பது ஒரு மரபு. துறவியின் மந்திர ஒலியைக் கேட்டு ரொகுஜோ அஞ்சி அடங்கும் நாடகக் காட்சியோடு தொடர்புபடுத்துவோரும் உளர். பொறாமையின் உருவுக்கு மெய்யறிவின் பெயர் வாய்த்தமை வியப்பிற்குரியதே.

தொகுகவா ஆட்சியில் 'நோ' அரசச் சடங்காயிற்று. முகமூடி செதுக்குதல் தெமே போன்ற குடும்பங்களின் பரம்பரைத் தொழிலானது. புதிய வகைகளை ஆக்குவதிலும் பார்க்கப் பழையவற்றை, அவற்றின் கீறலும் நிறத் தேய்வும் உட்பட, அவ்வாறே பிரதிசெய்தலே திறமையெனக் கருதப்பட்டது. இதனைப் படைப்பாற்றலின் வறட்சியென்று மட்டும் கூறிவிடல் பொருந்தாது. நெற்றியின் அந்தச் சரிவு தலைமுறைகள் பலவற்றைக் கடந்து பிழைத்தது இப்பிரதிகளாலேயே. 1868இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்ததும் நடிகர்கள் மானியமிழந்தனர், முகமூடிகள் விற்கப்பட்டன, பல மேலைநாட்டு நூதனசாலைகளைச் சென்றடைந்தன.

மேடையை விட்டுச் சுவருக்கு வந்த முகமூடிக்கு அசைவு இல்லை. ஆகவே அலங்காரப் பிரதிகளைச் செய்வோர் ஒரு கோணத்திற்கெனவே செதுக்கினர். கொம்பும் வாயும் பெருத்தன, புருவத்தின் வேதனை தேவையற்றதாயிற்று. மறுபுறத்தில், யப்பானில் இன்றும் இத்தொழிலைக் கற்போர் பழைய முகமூடிகளின் வார்ப்புருக்களைக் கொண்டே பயில்கின்றனர். அவர்கள் வழக்கமாக முதலிற் செதுக்குவது, உணர்ச்சி ஏதும் வெளித்தெரியாத 'கொ-ஓமொத்தே' எனும் இளம்பெண் முகத்தை. ஹன்னியாவுக்கு உளியெடுப்பது அதன் பின்னரே.